ஸ்மோலாண்ட் குளக்கரையில் ஐந்து கோடைகள்

நாகப்பட்டினத்தை ஒட்டிய வன்னாமி இறால் பண்ணைகளில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, 2016இல் தெற்கு சுவீடனின் ஸ்மோலாண்ட் பகுதியில் ஒரு கிரேஃபிஷ் பண்ணையில் சேர்ந்தேன். சிங்கி இறாலைச் சிறிதாக்கி, முன்னால் நண்டின் கொடுக்குகளைப் பொருத்தினாற்போன்ற உருவம் கொண்ட இந்த உயிர் பிறப்பதும் வளர்வதும் நன்னீரில்தான். நம் பண்ணைகளில் குஞ்சு விட்ட நான்காம் மாதத்தில் அறுவடை முடிந்துவிடும். இங்கே பத்து சென்டிமீட்டர் வளர்வதற்கே மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும் என்று முதலாளி சொன்னபோது, மொழி சரியாகப் புரியாமல் மாதத்தை ஆண்டென்று கேட்டுவிட்டேன் என்றே நினைத்தேன்.

எல்லாவற்றுக்கும் குளிர்தான் காரணம். நீர் 10 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். இவற்றுக்கு உகந்த 20 டிகிரி வெப்பமோ கோடையில் சில வாரங்களுக்கே வாய்க்கும். அக்டோபரில் நீர் குளிரத் தொடங்கும்போது இணை சேர்ந்து, பெண் தன் முட்டைகளை வாலடியில் ஒட்டவைத்துக்கொண்டு, பனிக்கட்டி மூடிய குளத்தின் அடியில் குளிர்காலம் முழுவதையும் கழித்து, ஜூன் கடைசியிலோ ஜூலையிலோதான் பொரிக்கிறது.

ஓடு உரிக்கும் காலமே இவற்றின் ஆபத்துக் காலம். உரிப்பதற்கு முன் பழைய ஓட்டிலுள்ள சுண்ணாம்புச் சத்தை இழுத்து, வயிற்றுக்குள் சட்டைப் பொத்தான் போன்ற இரண்டு வெண்கற்களாகச் சேமித்து, பிறகு அவற்றைக் கரைத்துப் புது ஓட்டை இறுக்கத் தொடங்குகின்றன. (இந்தக் கற்களைப் பொடித்து வயிற்றெரிச்சலுக்கு மருந்தாக ஐரோப்பிய மருந்துக்கடைகளில் ஒரு காலத்தில் விற்றார்கள்.) அந்தச் சேமிப்பு மட்டும் போதாது என்பதால், கருங்கல் பூமியின் அமிலத்தன்மை மிகுந்த நீருக்கு நாங்கள் சுண்ணாம்பு போடுவோம். ஓடு இறுகும்வரை மெத்தென்றிருப்பதை மற்றவை தின்றுவிடும் என்பதால், ஒளிந்துகொள்வதற்காகக் கரையோரம் முழுக்கக் கூரை ஓடுகளும் செங்கற்குழாய்களும் அடுக்கியிருக்கும். இவை கரையை ஒட்டியே வாழ்கிறவை. எனவே குளங்களையும் வாய்க்கால் போல நீளமாக, ஒடுக்கமாகவே வெட்டியிருந்தார்கள்.

1907இல் சுவீடனுக்குள் வந்த கிரேஃபிஷ் கொள்ளைநோயைப் பற்றிய பயம் பண்ணையில் எப்போதும் இருந்தது. நீரில் பரவும் பூசணம் போன்ற ஒரு கிருமி அது. 1960களில் கலிஃபோர்னியாவிலிருந்து கொண்டுவந்து விட்ட அமெரிக்க இனம் இந்நோயைச் சுமந்துகொண்டே பிழைத்திருக்கும். நாங்கள் வளர்த்த உள்நாட்டு இனமோ ஒரு குளம் விடாமல் மாண்டுவிடும். நோய் புகுவதற்கு ஈரம் காயாத ஒரு பூட்ஸே போதும். ஆகவே வேறொரு ஏரிக்குப் போய்வந்தால், பூட்ஸையும், ஆகஸ்டில் இவற்றைப் பிடிக்க வைக்கும் வலைக்கூடுகளையும் முதலாளி வீட்டு சானா என்னும் வெப்பக் குளியலறையில் 60 டிகிரிக்கு மேல் ஐந்து மணி நேரம் வைத்துவிடுவோம். மேல்பலகையில் பூட்ஸ்கள் வரிசையாக உட்கார்ந்து வேர்ப்பதைப் பார்த்து முதல் நாள் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

நான் செய்த தவறு 2018 ஜூலையில், சுவீடனையே வாட்டிய அந்த வெயிலில். நீர் 25 டிகிரிக்கு ஏறியிருந்தது. சூடேறினால் நன்றாகத் தின்னும் என்ற இறால் பண்ணைக் கணக்கில், நாலாவது குளத்துக்குத் தீனியைச் சொல்லாமலே கூட்டினேன். ஐந்தாம் நாள் விடியற்காலை நான்கு மணிக்குப் போனபோது, பனித்துளி படிந்த புல்லில் பத்தும் இருபதுமாகக் கரையேறி அசையாமல் நின்றன. அழுகிய மிச்சத் தீனியும் பாசியும் சேர்ந்து இரவோடிரவாக நீரிலிருந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டன. செவுள் ஈரமாக இருக்கும்வரை இவற்றால் காற்றிலும் மூச்சுவிட முடியும்.

கரையேறியவை பிழைத்தன. முதலாளியும் நானும் பம்பை ஓடவிட்டுப் புதுநீர் பாய்ச்சிய பிறகு, கூரை ஓடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினோம். புதிதாக ஓடு உரித்து, கரையேற வலுவில்லாமல் கிடந்தவை, ஊறிய காகிதம்போல் கையில் மடிந்தன. அவர் என்னைத் திட்டவில்லை. வாளியில் போட்டு, எண்ணி, நோட்டில் எழுதிக்கொண்டார். அந்தக் குளத்தில் அடுத்த இரண்டு ஆகஸ்டுகளிலும் நாங்கள் கூடு வைக்கவில்லை.