பழைய மரவெட்டுக் கருவிகள்: இதுவரை அடையாளம் கண்டவை

சியாட்டிலுக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் பழைய வீடுகளைக் காலி செய்து விற்கும்போது கராஜ் மூலையில் ஒரு நீள ரம்பமாவது இருக்கும். நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் நிறையப் பேருக்கு மரம் வெட்டுவதுதான் பிழைப்பு. தாத்தா தோளில் தூக்கிக்கொண்டு போன சாமானைப் பேரன் 'ஏதோ இரும்பு' என்று சொல்லி மொத்தமாகத் தள்ளிவிடுகிறான். அப்படி வாங்கிச் சேர்ந்த குவியலை வார இறுதிகளில் ஒவ்வொன்றாக எடுத்து, எது எதற்கு என்று பார்த்துவருகிறேன். பெயர் தேடுவதற்கு முன்னால் தேய்மானத்தைப் பார்ப்பது என் வழக்கம். எந்த இடம் தேய்ந்திருக்கிறது, எந்த இடம் அடி வாங்கியிருக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இருவர் இழுக்கும் ரம்பங்களில் முதலில் முதுகைப் பார்க்க வேண்டும். முதுகு உள்ளே குழிந்து, தகடு நடுவில் குறுகலாக இருந்தால் அது நிற்கிற மரத்தை வீழ்த்தும் ரம்பம். எடை குறைவு, நன்றாக வளையும். முக்கியமான காரணம் இன்னொன்று: அகலம் குறைவு என்பதால் கொஞ்சம் அறுத்தவுடனேயே ரம்பத்துக்குப் பின்னால் ஆப்பு வைத்துவிடலாம். மரம் பின்பக்கம் சாய்ந்து ரம்பத்தைக் கவ்விக்கொள்ளாது. முதுகு நேராக, தகடு கனமாக இருந்தால் அது விழுந்த மரத்தைத் துண்டு போடுவதற்கு. அந்த விறைப்பு இருப்பதால்தான் ஒரு பக்கக் கைப்பிடியைக் கழற்றிவிட்டு ஒரே ஆள் நின்று அறுக்க முடிந்தது. என்னிடம் இரண்டு வகையும் இருக்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். தனியாக ஒன்றை மட்டும் பார்த்தால் தெரியாது.

அடுத்தது பல். எல்லாப் பல்லும் ஒரே மாதிரி முக்கோணமாக இருந்தால் பழைய எளிய வகை. இரண்டு வெட்டுப்பல், அப்புறம் ஒரு ரேக்கர் என்று வந்தால் சாம்பியன் வகை. கடின மரத்துக்கு ஏற்றது. நான்கு வெட்டுப்பல்லும் ஒரு ரேக்கரும் மாறி மாறி வந்தால் லான்ஸ் வகை. இந்தப் பகுதியின் டக்ளஸ் ஃபிர், செடார் போன்ற மென்மரங்களுக்கு அதுதான். என் நேர்முதுகு ரம்பம் லான்ஸ். வெட்டுப்பல் நாரின் இரண்டு பக்கத்தையும் கீறிவிடும். கீறிய நாரை அடியோடு பெயர்த்து வெளியே தள்ளுவது ரேக்கர். அதனால்தான் நல்ல ரம்பத்திலிருந்து தூள் வராது, நீள நீளமான சுருள் வரும்.

துருவை எடுக்கும்போது கிரைண்டர் பக்கமே போகவில்லை. சூடேறினால் எஃகின் பதம் போய்விடும். மண்ணெண்ணெய் ஊற்றி, நுரைக்கல்லால் நீளவாக்கில் மட்டும் தேய்த்தேன். நடுப்பகுதிக்கு வரும்போது நுரைக்கல்லை வைத்துவிட்டு மெல்லிய ஈர உப்புத்தாளுக்கு மாறினேன், ஏனென்றால் தயாரித்த கம்பெனியின் முத்திரை அங்கேதான் அமிலத்தால் பொறிக்கப்பட்டிருக்கும். வேகமாகத் தேய்த்தால் அதுவும் துருவோடு போகும். என் பொறுமைக்குப் பலனாக மங்கலாக 'சைமண்ட்ஸ்' என்ற எழுத்தும் பிறை வடிவமும் தெரிந்தன. அந்தக் கம்பெனி தன் நல்ல ரம்பங்களைப் பல் பக்கம் தடிமனாகவும் முதுகு மெல்லியதாகவும் அரைத்துச் செய்தது. முதுகு மெலிந்திருப்பதால் பல்லை அதிகம் விரிக்காமலே ரம்பம் வெட்டுக்குள் சிக்காமல் ஓடும்.

குவியலில் என்னை அதிகம் குழப்பியது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு இரும்புத் துண்டு. கூட்டல் குறி வடிவம், நான்கு முனையிலும் நான்கு சின்னக் கால்கள். ஏதோ கதவுச் சாமான் என்றுதான் தோன்றும். வெர்னியர் வைத்து அளந்ததில் மூன்று கால்கள் ஒரே உயரம், நான்காவது மட்டும் ஏறக்குறைய 0.01 அங்குலம் குட்டை. மூன்று தாளை அடுக்கினால் வரும் கனம்கூட இருக்காது. இவ்வளவு நுட்பமாக ஒரு காலைக் குறைத்திருந்தால் அது தேய்மானம் இல்லை, வேண்டுமென்றே செய்தது. அமெரிக்க வனத்துறை 1977-இல் வெளியிட்ட ரம்பக் கையேட்டில் இதன் படம் இருந்தது. ஸ்பைடர் என்று பெயர். வெட்டுப்பல்லை ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சற்று வளைப்பார்கள். எவ்வளவு வளைந்திருக்கிறது என்று பார்க்கத்தான் இது. மூன்று கால்கள் தகட்டின்மேலும், குட்டைக்கால் பல் நுனியின்மேலும் படும்படி வைக்க வேண்டும். ஆடாமல் உட்கார்ந்தால் அளவு சரி. ஆடினால், எந்தப் பக்கம் ஆடுகிறது என்பதைப் பார்த்துச் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. எண்களே இல்லாமல் ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்தை விரலால் அளக்கிற கருவி. மரவெட்டு முகாமில் ரம்பத்துக்கு அரம் போடுகிறவருக்கு ஏன் தனிக் குடிசையும் நல்ல கூலியும் கொடுத்தார்கள் என்று இதைக் கையில் பிடித்த பிறகுதான் புரிகிறது.

அந்தக் கையேடு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 1964-ஆம் ஆண்டின் காட்டுப்பகுதிச் சட்டம் பாதுகாக்கப்பட்ட காடுகளில் மோட்டார் கருவிகளைத் தடுப்பதால், பாதையில் விழுந்த மரங்களை அகற்றுகிறவர்கள் இந்த ரம்பத்தைத்தான் சுமந்து போகிறார்கள்.

அரம் போட்டதைப் பற்றிச் சுருக்கமாக: முதலில் எல்லாப் பல் நுனியையும் ஒரே வளைவுக்குக் கொண்டுவர வேண்டும், பிறகு ரேக்கரை வெட்டுப்பல்லைவிடத் துளி குட்டையாக்க வேண்டும், கடைசியில்தான் கூர். வரிசை மாறினால் மறுபடி முதலிலிருந்து.

நண்பர் நிலத்தில் புயலில் சாய்ந்த டக்ளஸ் ஃபிர் ஒன்று கிடந்தது. மச்சினனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் ஜிம்முக்குப் போகிற பையன், பலத்தைக் காட்ட ஆரம்பித்தான்.

"தள்ளாதடா, தள்ளினா தகடு மடங்கும். உன் பக்கம் இழு, என் பக்கம் வரும்போது சும்மா கூட வா."

"அப்போ பாதி நேரம் நான் வேலையே செய்யலையே அத்தான்?"

"அதான் கணக்கு."

நாலைந்து இழுப்பில் பிடிபட்டுவிட்டது. சுருள்கள் அரையடி நீளத்துக்கு வந்தன. ஆனால் ஓரத்தில் மீசை மாதிரி நார்கள் தொங்கின. ரேக்கர் இன்னும் உயரமாக இருக்கிறது, வெட்டுப்பல் கீறாத ஆழத்திலிருந்து நாரைப் பிய்க்கிறது என்று அர்த்தம். அன்றே மர மேடையில் வைத்து ரேக்கரை இன்னொரு தடவை அரத்தால் தொட்டேன். அடுத்த துண்டில் ஓரம் சுத்தம். பிசின் ஒட்டி இழுப்பு கனத்தபோது பாட்டிலிலிருந்து மண்ணெண்ணெய் தெளித்தோம். பழைய ஆட்கள் இதற்காகவே ஒரு விஸ்கி பாட்டிலில் கொக்கி கட்டி மரப்பட்டையில் மாட்டி வைத்திருப்பார்கள். என் குவியலில் வந்த வளைந்த கம்பி அந்தக் கொக்கிதான் என்பது என் ஊகம்.

இன்னொரு சாமான்: நுனியில் லாடம் போல இரும்பு பொருத்திய அகலப் பலகை. லாடத்தின் மேல் விளிம்பு சற்றுத் தூக்கி நிற்கிறது. இது ஸ்பிரிங்போர்டு. இந்தப் பக்கத்துப் பெரிய மரங்கள் அடியில் வீங்கி, நார் முறுக்கிப் பிசின் நிறைந்திருக்கும். அங்கே அறுப்பது வீண் உழைப்பு. அதனால் மரத்தில் கோடரியால் குழி வெட்டி, பலகையைச் செருகி, அதன்மேல் ஏறி நின்று உயரத்தில் அறுத்தார்கள். வெளி நுனியில் ஆள் நின்றதும் அந்த விளிம்பு குழியின் மேற்பக்கத்தைக் கடித்துக்கொள்ளும். இசாகுவா பக்கத்து நடைபாதைகளில் பாசி படர்ந்த பெரிய அடிக்கட்டைகளில் கண்குழி போல இரண்டு பள்ளம் தெரிவது இதனால்தான். டேரியஸ் கின்சி என்ற அந்தக் காலத்துப் புகைப்படக்காரர் எடுத்த படங்களில் பலகை மேல் நின்று போஸ் கொடுப்பவர்களைப் பார்க்கலாம். பெல்லிங்ஹாமில் இருக்கும் வாட்கம் அருங்காட்சியகத்தில் அவர் படத்தொகுப்பு இருக்கிறது. பார்த்தால் வயிறு கலங்கும்.

இருமுகக் கோடரி சுலபம். முகம் நீளமாகக் குறுகலாக இருந்தால் இந்த மாநிலத்துப் பியூஜெட் சவுண்ட் வகை. தடித்த மரத்தின் உள்ளே போய் எட்டுவதற்கு. இரண்டு முகத்தையும் தொட்டுப் பார்த்தால் ஒன்று மெல்லிய கூர், இன்னொன்று தடித்த கூர். கணு, வேர் எல்லாம் தடித்ததுக்கு.

கடைசியாகக் கொக்கி வைத்த இரண்டு குழாய் முனைகள். இரண்டுமே மரத்தை உருட்டத்தான். முனை மழுங்கி உள்ளே பல் இருப்பது கேண்ட் ஹூக், ஆலையிலும் களத்திலும் புழங்கியது. முனையில் கூரிய ஈட்டி இருப்பது பீவி. 1850-களில் மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசப் பீவி என்ற கொல்லர் செய்தது. அதற்கு முந்தைய கருவியில் கொக்கி பக்கவாட்டில் தொளதொளவென்று ஆடும். அவர் அதை மேலும் கீழும் மட்டும் அசையும்படி பூட்டினார். ஆற்றில் மிதக்கிற மரத்தின்மேல் நிற்பவனுக்கு, தேடாமலே கொக்கி கவ்வ வேண்டுமே. ஈட்டி முனை, சிக்கிக்கொண்ட மரங்களுக்கு நடுவில் குத்தி நெம்ப.

என் பீவிக்குக் காம்பு இல்லை. குழாய்க்குள் பழைய காம்பின் மக்கிய மிச்சம் இறுகியிருந்தது; துளையிட்டு எடுத்தாயிற்று, ஆணியும் வெளியே வந்துவிட்டது. நார் நேராக ஓடும் ஆஷ் கட்டை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். வாய்ச்சியால் எண்பட்டையாக்கிவிட்டு, குழாயின் உட்சரிவுக்கு ஏற்ப நுனியை இழைப்பது அடுத்த வேலை.