முகவரியும் எழுதுங்க ஆத்தே

"முகவரியும் எழுதுங்க ஆத்தே" என்று சொன்னேன். சிரித்த முகமாகத்தான் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல், காலியாக இருந்த அந்தக் கட்டத்தை விரலால் தொட்டும் காட்டினேன். சொன்னதைவிட அப்படித் தொட்டுக் காட்டியதுதான் இன்னும் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

ஆத்தே என்றால் பிலிப்பைன்ஸின் தகாலோக் மொழியில் அக்கா. அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். பெயர் கட்டத்தில் தன் பெயரை எழுதியிருந்தார். அந்தப் பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை.

2025 நவம்பர். நியூயார்க்கில் குவீன்ஸ் பக்கம் உட்சைடில், 7-ஆம் எண் ரயில் தலைக்கு மேலே தடதடக்கும் ரூஸ்வெல்ட் அவென்யூவிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடம். எங்கள் சிறிய அமைப்பு அங்கே ஞாயிறு மதியங்களில் இலவசமாகக் கலை வகுப்புகள் நடத்துகிறது. சிறுவர்களுக்கு மூங்கில் கழிகளுக்கு நடுவே துள்ளும் தினிக்லிங் ஆட்டம், பழைய பாய்பாயின் எழுத்துகள், நவம்பர் வந்தால் பரோல். சொல்லித் தருகிறவர்கள் பிலிப்பினோக்கள். கூடத்துக்குச் சொல்லிவைப்பது, சாமான் வாங்குவது, கணக்கு எழுதுவது, அறிக்கை அனுப்புவது என் வேலை. நான்கு வருடமாகச் செய்கிறேன்.

பரோல் என்பது அவர்களுடைய கிறிஸ்துமஸ் நட்சத்திர விளக்கு. ஃபரோல் என்ற ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்த பெயர். டிசம்பரில் நம் ஊர் வாசல்களில் தொங்கும் காகித நட்சத்திரம்தானே என்று முதல் வருடம் நினைத்தேன். கையால் செய்து பார்த்த பிறகுதான் வித்தியாசம் புரிந்தது. பத்து மூங்கில் குச்சிகள் வேண்டும். ஐந்தைக் கோத்துக் கட்டினால் ஒரு நட்சத்திரம், மற்ற ஐந்தில் இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்ட வேண்டும். அப்புறம் உள்ளே குச்சிகள் குறுக்கிடும் ஐந்து இடங்களிலும் ஒரு சின்னக் குச்சியை நெம்பிச் செருக வேண்டும். அதுவரை தட்டையாகக் கிடந்த சட்டம் அப்போது வயிறு புடைத்து எழும்பும். மேலே பப்பேல் டெ ஹப்போன் என்ற மெல்லிய ஜப்பான் தாளை ஒட்டி, கீழ் முனைகள் இரண்டிலும் வால் கட்டினால் முடிந்தது.

நெம்பிச் செருகும் இடத்தில்தான் பலருக்கும் குச்சி முறியும். அவருக்கு முறியவில்லை. முதல் ஞாயிறு அன்று, சொல்லித்தருகிறவரைப் பார்க்கக்கூட இல்லாமல் அரை மணி நேரத்தில் சட்டத்தை முடித்துவிட்டார். பக்கத்து மேசைச் சிறுமிக்கும் கட்டிக்கொடுத்தார். நான் அருகில் போய் உட்கார்ந்தேன். அவருடைய அப்பா செய்வாராம். டிசம்பர் 16-இலிருந்து 24 வரை ஒன்பது நாள் விடிவதற்கு முன்பே சிம்பாங் கபி என்ற பூசை. இருட்டில் தேவாலயத்துக்கு நடக்கும் வழி முழுக்க வீட்டுக்கு வீடு பரோல் எரியும் என்றார். பூசை முடிந்து வெளியே வந்தால் வாழையிலையில் வெந்த பிபிங்கா என்ற அரிசிமாவுப் பணியாரம், சுடச்சுட.

எங்களுக்கும் அதே நாளையொட்டித்தான் மார்கழி பிறக்கும், நாங்களும் இருட்டிலேயே எழுந்து கோயிலுக்குப் போவோம், கையில் பொங்கல் வாங்கிக்கொண்டு வருவோம் என்று சொன்னேன். "அதுவும் அரிசியா?" என்று கேட்டார். அரிசிதான் என்றேன். அதில் அவருக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. இரண்டு பேரும் விடியற்காலைக் குளிரைப் பற்றியே வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

அன்று கையெழுத்துத் தாளை வைக்க நான் மறந்துபோயிருந்தேன்.

அந்த வாரம் எங்கள் இயக்குநர் கேட்டார்: எத்தனை பேர் வந்தார்கள், தாள் எங்கே? தாள் இல்லாமல், பணம் தரும் நகர நிர்வாகத்துக்கு எதைக் காட்டுவது? அவர் கேட்டதில் தப்பில்லை. போன வருடம் குலிந்தாங் வகுப்பு ஒன்று நடத்தினோம். மிந்தனாவோ தீவில் எட்டுச் சிறு சேகண்டிகளை வரிசையாக வைத்து வாசிக்கும் இசை அது. வாடகைக்கு எடுத்த சேகண்டிகள், பன்னிரண்டு பிள்ளைகள். வருகைக் கணக்கு அரைகுறையாக இருந்ததால் அடுத்த பருவத்துக்கு அதற்குப் பணம் வரவில்லை. எப்போது திரும்ப ஆரம்பிப்பீர்கள் என்று ஒரு பையன் ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு கேட்பதை விட்டுவிட்டான். அந்தக் கணக்கை எழுதாமல் விட்டதும் நான்தான். அதனால் இரண்டாவது ஞாயிறு தாளோடு வாசலிலேயே நின்றேன்.

அவர் உள்ளே வந்தார். பேனாவை வாங்கிப் பெயரை எழுதினார். அடுத்த கட்டத்தை அப்படியே விட்டுவிட்டு நகரப் பார்த்தார். அப்போதுதான் முகவரியும் எழுதச் சொல்லிக் கட்டத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"இது யாருக்கு, மேம்?"

"சிட்டிக்குத்தான். அவங்கதானே பணம் தர்றாங்க."

பேனாவை மேசையில் வைத்தார். வீசவில்லை, மெதுவாக, தாளுக்குப் பக்கத்தில் நேராகவே வைத்தார். "அடுப்பில் சோறு வைத்துவிட்டு வந்துவிட்டேன், ஒரு நிமிஷம்" என்றார். சரி, பார்த்துப் போய்விட்டு வாருங்கள் என்றேன். அவர் சொன்னதை நம்பினேன். உள்ளே அவருடைய சட்டம் மேசையில் இருந்தது, தாள் ஒட்டவேண்டியது மட்டும்தான் பாக்கி. கண்டிப்பாகத் திரும்பி வருவார் என்றுதான் நினைத்தேன்.

'சிட்டிக்கு' என்ற பதில் எனக்கு எப்படி அவ்வளவு எளிதாக வந்தது? சிட்டி என்றால் எனக்கு நூலகம், பூங்கா, குப்பை வண்டி. அரசாங்கமே ஆதரிக்கிறது, பயப்படாமல் எழுதலாம் என்ற பொருளில்தான் சொன்னேன். குடிவரவைப் பார்ப்பது ஒன்றிய அரசு, நகரம் வேறு. அது எனக்குத் தெரியும். ஆனால் மன்ஹாட்டனில் குடிவரவு நீதிமன்றத்தின் தாழ்வாரத்திலேயே குடிவரவு அதிகாரிகள் ஆட்களைப் பிடித்துச் சென்ற வருடம் அது. அந்த வருடத்தில், வாசலில் தாளோடு நிற்கும் ஒருத்தியிடமிருந்து வரும் 'சிட்டி' என்ற சொல் எப்படிக் கேட்டிருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை.

அவர் எங்கே என்று தீத்தா கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. தீத்தா என்றால் அத்தை, சித்தி எல்லாம். பரோல் சொல்லித்தரும் அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். எழுபதுகளில் நர்ஸாக இங்கே வந்து, முப்பது வருடத்துக்கு மேல் மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"டி.என்.டி-யா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்றார். தாகோ நாங் தாகோ, ஒளிந்துகொண்டே இருப்பவர்கள். இங்கே தங்க அனுமதிக் காகிதம் இல்லாதவர்களை அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். கொஞ்சம் பொறுத்துக் கேட்டார்: "ஏதாவது பொய்யா ஒண்ணு எழுதிட்டுப் போக விட்டிருக்கலாமே. நீ ஏன் பக்கத்திலேயே நின்னே?"

அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. மருத்துவமனையில் முகவரி கேட்கும்போது தீத்தா அட்டையிலிருந்து தலையைத் தூக்க மாட்டாராம். கேட்டுவிட்டு வேறு எதையோ எழுதுவதுபோல் இருப்பாராம். நான் ஆத்தேயின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அன்பாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

ஆனால் அவருக்குக் காகிதம் இல்லை என்று நான் ஏன் முடிவுகட்ட வேண்டும்? முதியவர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருப்பவர்களில் பலர் அந்த வீடுகளிலேயே தங்குகிறார்கள். அவர் எழுதவேண்டியிருந்த முகவரி யாரோ ஒரு முதலாளியுடையதாக இருந்திருக்கலாம். அதைக் கொடுக்க அவருக்கு உரிமை இருக்கிறதா என்றுகூட யோசித்திருக்கலாம். இல்லை, நிஜமாகவே சோறு அடுப்பில் இருந்திருக்கலாம். இப்படி நினைக்கும்போது மனசு கொஞ்சம் ஆறும். ஆறியதும், இது என்னை நானே தப்பவைத்துக்கொள்ளும் வழி என்றும் தோன்றும்.

அன்று இரவு நகரத்தின் அறிக்கைப் படிவத்தைத் திறந்து பார்த்தேன். எத்தனை பேர், எந்த வயதினர், முடிந்தால் அஞ்சல் குறியீடு. அவ்வளவுதான். முகவரியை யாரும் கேட்கவில்லை. என்றைக்கோ வாழ்த்து அட்டை அனுப்புவதற்காக யாரோ போட்ட கட்டம் அது. வருடா வருடம் நகலெடுத்துக்கொண்டே வந்திருக்கிறோம், நானும் நகலெடுத்தேன்.

ஒரு தோழி வேறொன்றைச் சொன்னாள். படிவம் என்ன கேட்கிறது என்பதல்ல, தாள் எங்கே போய்ச் சேரும் என்பதுதான் விஷயம் என்றாள். நியூயார்க் நகரம் 2015-இல் எல்லோருக்குமாக ஓர் அடையாள அட்டை கொண்டுவந்தது, காகிதம் இல்லாதவர்களும் வாங்கலாம். நம்பி வாங்கினார்கள். விண்ணப்பத்தோடு கொடுத்த ஆவணங்களின் நகல்கள் நகரத்திடம் இருந்தன. 2016 அதிபர் தேர்தலில் டிரம்ப் ஜெயித்ததும் அவற்றை அழிப்பதா வைத்திருப்பதா என்று பெரிய சண்டை. அழிக்கக்கூடாது என்று வழக்கே போட்டார்கள். அழிக்கலாம் என்று நீதிமன்றம் சொன்னது 2017-இல்தான். நம்பிக் கொடுங்கள் என்று சொன்னவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்கள். ஆனாலும் அந்த மாதங்களில் எத்தனை பேர் தூங்காமல் கிடந்திருப்பார்கள். எங்கள் தாள் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இழுப்பறைக்குப் பூட்டு இல்லை.

பெயர் எழுதிவைப்பதே தப்பு என்று முடித்துவிடவும் முடியவில்லை. 69-ஆம் தெரு ரயில் நிலையத்தருகே சுவரில் 'மபுஹாய்', அதாவது வாழ்க, என்று பெரிதாக வரைந்திருக்கும். கொரோனா காலத்தில் உழைத்த பிலிப்பினோ சுகாதாரப் பணியாளர்களுக்காக 2020-இல் வரைந்தது. அமெரிக்காவின் நர்ஸ்களில் பிலிப்பினோக்கள் சுமார் 4 சதவீதம்தான். ஆனால் 2020 செப்டம்பர் வரை கொரோனாவில் இறந்த நர்ஸ்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் பிலிப்பினோ. அரசாங்கம் எண்ணிச் சொன்ன கணக்கு அல்ல அது, நர்ஸ்களின் சங்கம் தேடித் தேடிச் சேர்த்தது. அப்படி யாரும் எழுதிவைக்காமல் விட்டிருந்தால் வெளியே தெரிந்திருக்காது. 2022-இல் ரூஸ்வெல்ட் அவென்யூவும் 70-ஆம் தெருவும் சந்திக்கும் இடத்துக்கு லிட்டில் மணிலா அவென்யூ என்று பலகை வந்ததும் இங்கே இத்தனை பேர் இருக்கிறோம் என்று காட்டியதால்தான். குலிந்தாங் கேட்ட பையனுக்கும் எண்ணிக்கை வேண்டும். இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சொல்லி முடிக்கும்போது அந்த மேசையும் நேராக வைத்த பேனாவும் கண்முன் வந்துவிடுகின்றன.

அதற்கடுத்த சில வாரங்கள் ரூஸ்வெல்ட் அவென்யூவில் நடக்கும்போது அவரைத் தேடினேன். ஊருக்குப் பெட்டி அனுப்பும் கடை ஒன்றில், பெண்கள் பலிக்பாயன் பெட்டிகளின் மேல் தடித்த பேனாவால் முகவரி எழுதிக்கொண்டிருந்தார்கள். தெரு, பரங்காய் என்கிற வட்டாரம், ஊர், மாகாணம், ஒன்றுவிடாமல், நாலு பக்கமும். யாரும் தயங்கவில்லை. அது ஊர் முகவரி. அவர் அங்கே இல்லை. இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது. மன்னிப்புக் கேட்டால் உங்கள் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்வதுபோல் ஆகிவிடாதா?

இப்போது தாள் வைப்பதில்லை. வாசலில் ஒரு டப்பாவும் ஒரு கிண்ணம் புளியங்கொட்டையும் வைத்திருக்கிறோம். உள்ளே வருகிறவர்கள் ஒரு கொட்டையை எடுத்து டப்பாவில் போடுவார்கள். பிள்ளைகளுக்கு அது பிடித்திருக்கிறது. இயக்குநருக்கு இன்னும் திருப்தியில்லை. ஜனவரியில் பனி கொட்டியதால் வகுப்பை ரத்து செய்தோம். யாருடைய தொலைபேசி எண்ணும் எங்களிடம் இல்லை. எண்பது வயது லோலா, அதாவது பாட்டி, ஒருவர் கைத்தடியோடு வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாராம். அடுத்த வாரம் அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் அன்று வேலையே ஓடவில்லை.

அவருடைய சட்டம் இன்னும் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. டிசம்பரில் எல்லாப் பரோலையும் கூடத்தில் தொங்கவிட்டபோது, அதற்கும் மஞ்சள் தாள் ஒட்டிவிடலாமா என்று தீத்தாவிடம் கேட்டேன். வேண்டாம், அது அவளோடது என்றார்.

பருவ அறிக்கையில் அந்த இரண்டாவது ஞாயிறுக்கு எண்ணிக்கை எழுதவேண்டியிருந்தது. தாளில் முழுதாக எழுதியவர்கள் பதினெட்டு பேர். பத்தொன்பதாவது வரியில் ஒரு பெயர் மட்டும் இருந்தது. 18 என்று தட்டினேன். பிறகு 19 என்று மாற்றி அனுப்பினேன்.