நாள்கூலி பிட்ச்சர்

21 ஜூலை 2025, திங்கள்

நாளை சிகாகோ கப்ஸின் பேஸ்பால் மைதானமான ரிக்லி ஃபீல்டில், கான்சஸ் சிட்டி ராயல்ஸுக்காக ரிச் ஹில் என்கிற பிட்ச்சர் (பந்து வீசுபவர்) வீசப் போகிறார். வயது 45. ராயல்ஸ் அவருக்கு 14ஆவது மேஜர் லீக் (அமெரிக்க பேஸ்பாலின் உச்ச லீக்) அணி, அதிக அணிகளுக்கு ஆடிய பிட்ச்சர் எட்வின் ஜாக்சனின் சாதனையை நாளை தொட்டுவிடுவார். இதைச் சாதனை என்று சொல்வதா என்று கொஞ்சம் குழப்பம்தான், ஊர் ஊராகப் பெட்டி தூக்கியவருக்கு மட்டும் கிடைக்கிற சாதனை. இந்த மாதிரி ஆட்டக்காரரை இங்கே 'ஜர்னிமேன்' என்பார்கள். ஊர் சுற்றுவதால் வந்த பெயர் என்றே இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், அகராதியைப் பார்த்தால் 'ஒரு நாள் வேலை' என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததாம். நம்மூர் நாள்கூலிதான்.

டிக்கெட் எடுத்துவிட்டேன். ஆபீஸில் பக்கத்து மேசைக்காரர், "நாற்பத்தஞ்சு வயசுல பவுலிங்கா? முட்டி தாங்குமா?" என்று கேட்டார். அவர் கிரிக்கெட் ஆள்.

22 ஜூலை, செவ்வாய், நள்ளிரவு

வேலை முடிந்த கையோடு ரெட் லைன் பிடித்து அடிசன் ஸ்டேஷனில் இறங்கி ஓட்டமும் நடையுமாக உள்ளே போனேன். ஹில் இடது கைக்காரர். வேகப்பந்து 88 மைலை ஒட்டித்தான் வருகிறது, இன்று கல்லூரிப் பையன்களே அதைத் தாண்டி வீசுகிறார்கள். ஆனால் அந்த கர்வ் பால்! பேட்ஸ்மேனின் நெஞ்சளவில் கிளம்பி, நடுவழியில் எதையோ மறந்துவிட்டுத் திரும்புவதுபோல் தயங்கி, முட்டிக்குக் கீழே போய் விழுகிறது. தரையில் பட்டுத் திரும்புகிற சுழலையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, காற்றிலேயே இவ்வளவு இறங்குவது இன்னும் கொஞ்சம் மாயமாகத்தான் இருக்கிறது. பின்பக்கமாகச் சுழலவிட்டால் பந்து மிதக்கும், இவர் விரலால் முன்பக்கமாக உருட்டி விடுகிறார், காற்று அதைக் கீழே அமுக்குகிறது. அவ்வளவுதான் விஷயம், ஆனால் பந்துக்குப் பந்து அதை ஒரே இடத்தில் இறக்குவதுதான் பிழைப்பு.

5 இன்னிங்ஸ், 3 ரன். அதில் ஒன்றுதான் அவர் கணக்கில் ஏறும், மற்றது ஃபீல்டிங் தவறு. கப்ஸ் 6-0 என்று ஜெயித்தது.

பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர், முழுக்க கப்ஸ் உடுப்பு, எதிரணி பிட்ச்சருக்கு எழுந்து நின்று கை தட்டினார். ஏன் என்று பிறகுதான் புரிந்தது. 2002இல் ஹில்லைத் தேர்ந்தெடுத்ததும் 2005இல் முதன்முதலாக மேஜர் லீக் மேட்டில் (பிட்ச்சர் நின்று வீசும் இடம்) ஏற்றியதும் கப்ஸ்தான். 2007இல் இவர்களுக்காக 11 ஆட்டம் ஜெயித்துக் கொடுத்திருக்கிறார். பெரியவர் அந்த வருஷத்துக் கதையை ஏழாவது இன்னிங்ஸ் வரை சொன்னார். நானும் விடாமல் கேட்டேன்.

24 ஜூலை, வியாழன்

அந்த 2007க்குப் பிறகு என்ன ஆனது என்று தோண்டிக்கொண்டிருக்கிறேன். 2009இல் தோளில் அறுவை சிகிச்சை, 2011இல் முழங்கையில் டாமி ஜான் (உடம்பின் வேறு இடத்திலிருந்து தசைநார் எடுத்து முழங்கையில் வைத்துத் தைப்பது, திரும்ப வீச ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும்). பிறகு கிளீவ்லாந்து, ஏஞ்சல்ஸ், யாங்கீஸ் என்று அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம். 2015இல் 35 வயதில் நேஷனல்ஸின் டிரிபிள்-ஏ (மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழே) அணியிலிருந்தும் வெளியே வந்து, லாங் ஐலண்ட் டக்ஸ் என்கிற, மேஜர் லீக்கோடு ஒட்டும் உறவும் இல்லாத தனி அணியில் போய் வீசியிருக்கிறார். இரண்டே ஆட்டம், 11 இன்னிங்ஸ், ஒரு ரன்கூட இல்லை, 21 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்ஸ்மேனை அவுட்டாக்குவது). ரெட் சாக்ஸ் கூப்பிட்டது.

அங்கே பிரையன் பேனிஸ்டர், இவரும் முன்னாள் பிட்ச்சர்தான், சொன்னது ஒரே விஷயம்: உன் கர்வ் பால் அவ்வளவு நல்லது, அதையே நிறையப் போடு. பத்து வருஷமாக ஒருத்தரும் இதைச் சொல்லவில்லையா என்று எனக்குக் கோபமே வந்தது. செப்டம்பர் 13, டாம்பா பே, 7 இன்னிங்ஸ், ஒரே ஒரு ஹிட் (பேட்ஸ்மேன் அடித்து பேஸைச் சேர்வது), 10 ஸ்ட்ரைக்அவுட். அடுத்த வருஷம் ஓக்லண்டில் 60 லட்சம் டாலர், அதற்கும் அடுத்தது டாட்ஜர்ஸில் 3 வருஷத்துக்கு 4.8 கோடி டாலர். 36 வயதில்.

27 ஜூலை, ஞாயிறு

இன்று எட்வின் ஜாக்சன் நாள். 2011இல் இதே தேதியில் ஒரே நாளில் இரண்டு முறை கைமாறினார், ஒயிட் சாக்ஸிடமிருந்து டொரொன்டோ புளூ ஜேஸுக்கு, அங்கிருந்து உடனே செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு. புளூ ஜேஸ் சட்டையை மாட்டக்கூட நேரமில்லை. அந்த அக்டோபரில் கார்டினல்ஸ் உலகத் தொடரையே ஜெயித்தது, அது வேறு கதை. எனக்குப் பிடித்தது இதுதான்: 2019இல் அதே புளூ ஜேஸ் அவரைத் திரும்பக் கூப்பிட்டது, அதுவே அவருடைய 14ஆவது அணி ஆனது.

2010இல் ஹிட்டே கொடுக்காமல் ஒரு முழு ஆட்டம் வீசினார், 149 பந்து, 8 வாக் (நான்கு தவறான பந்துக்கு பேட்ஸ்மேனுக்குக் கிடைக்கும் இலவச முதல் பேஸ்). இன்று நூறைத் தாண்டினாலே கோச் மேட்டுக்கு நடந்து வந்துவிடுவார்.

29 ஜூலை, செவ்வாய்

முடிந்தது. நேற்று அட்லாண்டாவுக்கு எதிராக 4 இன்னிங்ஸ், இன்று ராயல்ஸ் ஹில்லை அணியின் நாற்பது பேர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. விதிப்படி அதற்குப் பிறகு ஏழு நாள் அவகாசம், அதற்குள் வேறு அணிக்குக் கைமாற்றலாம், மைனருக்கு (கீழ்நிலை லீக்) அனுப்பலாம், இல்லையென்றால் விடுவிக்கலாம். இந்த லீக்கில் எல்லாமே நாள் கணக்குதான். இந்த வருஷம் குறைந்தபட்சச் சம்பளம் 7,60,000 டாலர், மேஜர் லீக்கில் இருந்த நாட்களுக்கு மட்டும் பிரித்துக் கொடுப்பார்கள், நாளொன்றுக்கு 4,000 டாலர் சொச்சம். 43 நாள் சேர்ந்தால் பென்ஷன் தொடங்கும், முழு பென்ஷனுக்குப் பத்து வருஷம். ஹில்லுக்கு இதெல்லாம் எப்போதோ முடிந்த கணக்கு, 42ஆவது நாளில் மைனருக்கு இறங்குகிற பையன்களை நினைத்தால்தான் வயிற்றைப் பிசைகிறது.

பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னேன். "முட்டியா?" என்றார்.

23 ஆகஸ்ட், சனி

எட்டு வருஷம் முன்பு இதே நாள், பிட்ஸ்பர்க். யூடியூபில் மறுபடி போட்டுப் பார்த்தேன். டாட்ஜர்ஸுக்காக ஹில் எட்டு இன்னிங்ஸ் வீசி முடிக்கும்வரை எதிரணியில் ஒருவர்கூட முதல் பேஸை மிதிக்கவில்லை. ஒன்பதாவதில் மூன்றாம் பேஸில் பந்து கைநழுவியது, பெர்ஃபெக்ட் கேம் போனது. ஹிட் மட்டும் இன்னும் இல்லை. சொந்த அணியோ ஒரு ரன்கூட எடுத்துக் கொடுக்கவில்லை, அதனால் பத்தாவதுக்கும் அவரே வந்தார். 99ஆவது பந்தை ஜோஷ் ஹாரிசன் இடப்பக்கச் சுவரைத் தாண்டி அடித்தார். முதல் ஹிட்டும் அதுதான், ஆட்டமும் அதோடு முடிந்தது. 1-0.

டாட்ஜர்ஸின் இடப்பக்க ஃபீல்டர் கர்டிஸ் கிராண்டர்சன் சுவரில் மோதி எம்பிப் பார்க்கிறார், பந்து கையுறைக்கு அந்தப்பக்கம் மயிரிழையில் போய் விழுகிறது. அந்த இடத்தை மட்டும் நாலு முறை ஓட்டிப் பார்த்தேன். நாலாவது முறையும் பிடிக்கவில்லை.