அக்கா வீட்டுக் கணினியில் பழைய யூசர் ஃபோல்டர்கள்: இதுவரை செய்தது

அக்கா வீட்டுக் கணினியில் சி டிரைவ் நிரம்பிப்போய்ச் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. 240 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் அளக்கும் முறையில் 223 ஜிபிதான். வேண்டாத ஃபைல்களை நீக்கும் டிஸ்க் கிளீனப் ஓட்டியும் பெரிதாக இடம் கிடைக்கவில்லை. யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்ததும் காரணம் தெரிந்தது. அக்கா, மாமா, வேலைக்கு வெளியூர் போன பெரியவன், எப்போதோ ட்யூஷனுக்கு வந்த பிள்ளைகள் என்று ஆளுக்கொரு ஃபோல்டர்.

வேண்டாதவர்களின் ஃபோல்டரை நேராக டெலிட் செய்துவிடத்தான் கை போகும். செய்தால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்க்க, என்னிடம் சும்மா கிடக்கும் விண்டோஸ் 10 கணினியில் ஒரு சோதனைக் கணக்கைத் தொடங்கினேன். அதில் நுழைந்து வெளியேறி, ஃபோல்டரை மட்டும் அழித்தேன். மறுபடி நுழைந்தால், கணக்கைத் திறக்க முடியவில்லை என்று ஓர் அறிவிப்பு, வெறிச்சோடிய டெஸ்க்டாப். விண்டோஸ் ஒரு தற்காலிக ஃபோல்டரைக் கொடுத்திருந்தது. அதில் சேமித்த நோட்பேட் ஃபைல், வெளியேறித் திரும்பி வந்தபோது இல்லை. விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில், புரொஃபைல்லிஸ்ட் என்ற இடத்தில், எஸ்-1-5-21 என்று தொடங்கும் அந்தக் கணக்கின் நீண்ட அடையாள எண்ணுக்குள், அழித்த ஃபோல்டரின் முகவரி இன்னும் பதிவாகியிருந்தது. ஃபோல்டரும் இந்தப் பதிவும் சேர்ந்ததுதான் ஒருவரின் புரொஃபைல், இரண்டும் சேர்ந்து போனால்தான் சுத்தம்.

அக்கா வீட்டில் முதல் வேலை பேக்கப். டாக்குமெண்ட்ஸ், படங்களை எல்லாரும் எடுத்துவிடுவார்கள். டெஸ்க்டாப்பும் டவுன்லோட்ஸும்தான் மறந்துபோகும், அவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றினேன்.

அப்புறம் ஸ்டார்ட் மெனுவில் அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ் என்று தேடி, யூசர் புரொஃபைல்ஸ் பகுதியில் செட்டிங்ஸை அழுத்தினேன். ஒவ்வொரு புரொஃபைலும் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று அங்கேயே தெரிகிறது. 'அக்கவுண்ட் அன்னோன்' என்று இருந்தவை, கணக்கு போய் ஃபோல்டர் மட்டும் தங்கியவை. அவற்றை முதலில் நீக்கினேன். ஒன்றில் மட்டும் டெலிட் பட்டன் மங்கலாக இருந்தது. அந்தக் கணக்கு பின்னணியில் திறந்தே இருந்ததுதான் காரணம், ரீஸ்டார்ட் செய்ததும் சரியானது.

இங்கே நீக்கினால் புரொஃபைல்தான் போகும், கணக்கு இருக்கும். அந்த ஆள் மறுபடி நுழைந்தால் புது ஃபோல்டர் முளைக்கும். அதனால் கணக்கே வேண்டாத ட்யூஷன் பிள்ளைகளுடையதை, செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குப் போய் ரிமூவ் கொடுத்தேன். கணக்கும் ஃபைல்களும் ஒன்றாகப் போயின.

யூசர்ஸுக்குள் இருக்கும் பப்ளிக், டிஃபால்ட் என்ற இரண்டு ஃபோல்டர்களையும் தொடவே கூடாது. புதுக் கணக்குகளின் ஃபோல்டர்கள் டிஃபால்ட்டைப் பார்த்துத்தான் உருவாகின்றன.

சி டிரைவ் நீலத்துக்குத் திரும்பிவிட்டது. பெரியவனின் கணக்கை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். போனில் கேட்டபோது, "மாமா, குரோம்ல என் பாஸ்வேர்டெல்லாம் இருக்கே" என்றான். அவை அவனுடைய விண்டோஸ் கணக்கின் சாவியால் பூட்டப்பட்டவை, ஃபோல்டரை காப்பி எடுத்து வைத்தாலும் வேறு கணினியில் திறக்காது. பொங்கலுக்கு வரும்போது அவனே நுழைந்து அவற்றை எடுத்துக்கொள்ளட்டும், பிறகு நீக்கலாம்.