வடிவுடையாள் சந்நிதியில் என் மகள்

"பிள்ளையை உன்னிடமே கிடத்தி, உன்னிடமிருந்தே வாங்கிக்கொள்கிறேன் தாயே" என்று திருவொற்றியூர் வடிவுடை அம்மனிடம் வேண்டிக்கொண்டவர் என் மாமியார். நான் அறுவை அரங்கில் கிடந்த இரவில், ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனை வராந்தாவில் நின்றுகொண்டு வேண்டியிருக்கிறார். அந்த வேண்டுதலை நிறைவேற்றத்தான் ஒரு புதன்கிழமை காலை, தண்டையார்பேட்டையில் மெட்ரோ ரயில் ஏறினோம். செவ்வாய், வெள்ளி, பௌர்ணமி எல்லாவற்றையும் வேண்டுமென்றே தவிர்த்தோம். குறைமாதக் குழந்தையைக் கூட்டத்துக்குள் கொண்டுபோக வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

எனக்கு 39 வயதில் உண்டான கர்ப்பம் இது. ஐந்தாம் மாத ஸ்கேனில் நஞ்சுக்கொடி கீழே, கருப்பையின் வாயை மூடியபடி இருப்பதாகத் தெரிந்தது. கருப்பை வளர வளர அது மேலே நகர்ந்துவிடும், பெரும்பாலானோருக்கு அப்படித்தான் என்றார்கள். எனக்கு நகரவில்லை. எட்டாம் மாதத்திலும் அதே இடத்தில் இருந்தது. பிள்ளை வரும் வழியை நஞ்சே அடைத்துக்கொண்டிருந்தால் சுகப்பிரசவத்துக்கு வழியில்லை, சிசேரியன்தான். பயணம் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, ஒரு சொட்டு உதிரம் கண்டாலும், வலி இல்லாவிட்டாலும் உடனே வர வேண்டும் என்று மருத்துவர் திரும்பத் திரும்பச் சொன்னார். இந்த நிலையில் உதிரப்போக்கு வலியில்லாமல்தான் தொடங்குமாம். வலியில்லையே என்று படுத்திருந்தால் ஆபத்து.

என் ரத்தம் ஓ நெகட்டிவ். அது எல்லோருக்கும் சேரும். ஆனால் எனக்கு இன்னொரு ஓ நெகட்டிவ் மட்டுமே சேரும். கணவரின் ரத்தம் பாசிட்டிவ் என்பதால் அவரால் எனக்குத் தர முடியாது. ஏழாம் மாதத்திலிருந்தே அவர் துறைமுகத்தில் தம்முடன் வேலை செய்கிறவர்களிடமெல்லாம் கேட்டு அலைந்தார். காசிமேட்டில் ஐஸ் வண்டி ஓட்டும் ஒருவரும், கொருக்குப்பேட்டையைச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவரும் கிடைத்தார்கள். இருவரும் எங்களுக்கு உறவோ பழக்கமோ இல்லை. வந்து கொடுத்துவிட்டு, ஒரு டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார்களாம். நெகட்டிவ் பிரிவுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், பிரசவம் நெருங்கும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே இரண்டு மூன்று பேரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

34ஆம் வாரம், நள்ளிரவு தாண்டி, படுக்கை நனைந்து விழித்தேன். விளக்கைப் போட்டால் எல்லாம் சிவப்பு. வலி துளியும் இல்லை. பனிக்குடம்தான் உடைந்துவிட்டதோ என்று அத்தை ஒரு கணம் நினைத்தாராம். எங்கள் தெருமுனையில் எப்போதும் ஆட்டோ நிற்கும்; அது அன்றும் நின்றதை இன்னும் நன்றியோடு நினைக்கிறேன். குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கான ஊசிகளைச் சில நாள் முன்பே போட்டிருந்தார்கள். ஒதுக்கி வைத்திருந்த ரத்தம் போதவில்லை. ரத்த வங்கியில் யாரோ, என்றோ, யாருக்கென்று தெரியாமல் கொடுத்து வைத்திருந்ததும் என் உடம்பில் ஏறியது. மகள் ஒரு கிலோ 900 கிராம் எடையில் பிறந்தாள். முதலில் இன்குபேட்டர், பிறகு என் மார்பின் சூடு.

திருவொற்றியூர் தேரடி நிலையத்தில் இறங்கினால் கோயிலுக்குச் சற்று தூரம்தான் நடை. தையல் ஆறியிருந்தாலும் நான் மெதுவாகத்தான் நடந்தேன். உள்ளே நுழைந்ததும் தெற்கு நோக்கி நிற்கும் வடிவுடை அம்மனிடம்தான் முதலில் போனோம். மேலூர் திருவுடை அம்மன் இச்சா சக்தி, இவள் ஞான சக்தி, வட திருமுல்லைவாயில் கொடியிடை அம்மன் கிரியா சக்தி. வெள்ளிக்கிழமையோடு பௌர்ணமி கூடும் நாளில் காலை, நண்பகல், மாலை என மூவரையும் ஒரே நாளில் தரிசிப்பார்கள். வள்ளலார் நித்தம் வந்து நின்று உருகிய சந்நிதி இது. சிறு வயதில் பாட்டி என்னை அழைத்துவந்தபோது, அம்மனின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பேன். அன்று என் கண்கள் அவள் பாதத்தை விட்டு மேலே ஏற வெகுநேரமாயிற்று.

பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொள்வதற்கு விலையாக, அத்தை படியில் ஒரு பிடி தவிட்டையும் ஒரு ரூபாய் நாணயத்தையும் வைத்தார். நான் துண்டை விரித்து மகளைக் கிடத்தினேன். கை விலகிய அந்தச் சில நொடிகள் எனக்குத் தாங்கவில்லை. இன்குபேட்டர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற நாட்கள் முழுவதும் ஒருசேர வந்து நெஞ்சை அடைத்தன. அவளோ கையை உதறிக்கொண்டு, அசையும் தீபத்தையே பார்த்தபடி கிடந்தாள். குருக்கள் குங்குமத்தைத் துளி எடுத்து அவள் நெற்றியில் வைத்து, "இனிமேல் இது அம்பாள் குழந்தை. நீங்கள் வளர்த்துக் கொடுங்கள்" என்றார். அத்தைதான் முதலில் எடுத்தார். எடுத்து என்னிடம் தந்தவர், "அம்மாடி, கடன் தீர்ந்தது" என்று சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதார். எதற்கும் கலங்காதவர் என்று பெயர் வாங்கியவர் அவர்.

சிசேரியன் ஆனதால் பிரார்த்தனை பலிக்கவில்லை என்று உறவில் ஒருவர் சொன்னது காதுக்கு வந்திருந்தது. நான் ஏற்கவில்லை. என்னையும் பிள்ளையையும் உயிரோடு பிரித்தெடுக்க எந்த வழி திறந்திருந்ததோ அந்த வழியைத்தான் அம்மன் திறந்தாள். கத்தி பிடித்த கையும் அவள் கைதான்.

27 நட்சத்திரங்களுக்கும் ஒவ்வொரு லிங்கமாக இங்கே வரிசையாக உண்டு. மகள் நாள் குறித்ததற்கு முன்பே வந்துவிட்டதால், அத்தை மனத்தில் குறித்து வைத்திருந்த நட்சத்திரம் வேறு, பிறந்த நட்சத்திரம் ரேவதி. வரிசையின் கடைசி லிங்கத்தின் முன் அகல் ஏற்றினோம்.

இங்குள்ள சிவன் ஆதிபுரீஸ்வரரின் கருவறை, முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லில் எழுப்பப்பட்ட தூங்கானை மாடம். சுற்றி வரும்போது பின்புறம் வளைந்தே போகிறது. மூலை என்று ஒன்று வருவதில்லை. புற்றிடங்கொண்ட இந்தப் பெருமான் ஆண்டு முழுவதும் கவசத்துக்குள்தான் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் களைந்து, புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவார்கள்.

நான் அன்று தேடி வந்த இன்னொருவர் கலிய நாயனார். இந்த ஊரில் செக்காட்டி எண்ணெய் விற்றவர். கோயிலுக்கு உள்ளும் புறமும் விளக்கேற்றியே செல்வமெல்லாம் கரைந்து, கூலிக்குச் செக்கிழுத்து, கடைசியில் எண்ணெய்க்கு வழியில்லாமல் தம் கழுத்தை அரிந்து உதிரத்தால் அகலை நிரப்பப் போனார். இறைவன் கையைப் பிடித்துத் தடுத்தார். அதற்கு முன்பு நாயனார் மனைவியை விற்க முன்வந்தார் என்று வரும் பகுதி எனக்கு என்றுமே நெருடும். அந்த அம்மையின் மனம் என்னவாக இருந்திருக்கும் என்றே யோசிப்பேன். ஆனாலும் விளக்கு அணையக் கூடாது என்று உதிரத்தைத் தர வந்த அந்தக் கை இப்போது எனக்கு வேறாகத் தெரிகிறது. என் வீட்டு விளக்கு அணையாமல் இருக்க உதிரம் கொடுத்தவர்கள் இதே வட சென்னையில் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள். இருவரைத் தெரியும். மற்றவர்களின் பெயர் கூடத் தெரியாது.

அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் கேட்டபோது தெரிந்த இருவரின் பெயரைச் சொன்னோம். "தெரியாதவர்களுக்கு?" என்றேன். "சுவாமி பேருக்கே செய்துவிடலாம், அவருக்குத் தெரியும்" என்றார் குருக்கள். கொண்டுபோன நல்லெண்ணெயை எல்லோருக்குமாக ஏற்றினோம்.

மண்டபத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்து மகளுக்குப் பால் கொடுத்தேன். அத்தை எதிரே அமர்ந்து, மேலூருக்கும் திருமுல்லைவாயிலுக்கும் எப்போது போவது என்று கணக்குப் போட்டார். நான் முதலில் கார்த்திகைக்கு இங்கே வர வேண்டும் என்றேன். அதற்குள் இவளுக்கு முக்கியமான தடுப்பூசிகள் முடிந்திருக்கும், கூட்டத்துக்குப் பயமில்லை. கணவர் எங்கள் பேச்சில் சேரவில்லை. எனக்காக எடுத்த ரத்தத்துக்கு ஈடாக அவர் பிரசவமான அந்த வாரமே கொடுத்திருந்தார். மூன்று மாத இடைவெளி முடிந்துவிட்டதா என்று கைபேசியில் தேதி பார்த்துவிட்டு, எங்களை மெட்ரோவில் ஏற்றிவிட்டு நேராக ரத்த வங்கிக்குப் போனார்.