ரோலர் சத்தத்த காதுல வாங்குங்க தம்பிகளா
மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கத்துலேர்ந்து நெய்வேலி சுரங்கத்துக்கு கான்ட்ராக்ட் வேலைக்கு வர்ற தம்பிங்களுக்கு சொல்றேன், நிலக்கரி, மண்ண ஏத்திக்கிட்டு ஓடுற கன்வேயர்ல பெல்ட்ட தாங்குற ஒரு ரோலர் சுத்தாம நின்னுட்டா பெல்ட் அது மேலயே தேய்ச்சுக்கிட்டு ஓடும், சூடு ஏறும், பழுப்பு நிலக்கரி தூசு அங்க படிஞ்சு கெடந்துச்சுன்னா பத்திக்கும். பேரிங் போறதுக்கு முன்னாடி கரகரன்னு சத்தம் குடுக்கும், அத கேட்டுப் பழகுங்க.

நிலக்கரிக்கு மேல இருக்குற கடலூர் மணற்கல் வேற ரொம்ப கெட்டி, வெடி வச்சு தளர்த்துனாக்கூட மண்ண வெட்டியெடுக்குற பக்கெட் வீல் மெஷினோட பல்லெல்லாம் மழுங்கிப்போவும், மாத்தாம ஓட்டுனா மொத்த லோடும் கியர்பாக்ஸ் மேலதான்.

ஊர்ல போர்செட் மோட்டார் சூடாவுறத வாசனையிலேயே கண்டுபிடிக்கிற பயலுவ நீங்க, இதுவும் வரும். ஆனா ஓடுற பெல்ட்ல மட்டும் கை வைக்காதீங்கடா, பவர கட் பண்ணி பூட்டு போட்டு சாவிய உங்க பாக்கெட்லயே வச்சுக்கிட்டு அப்புறம் தொடுங்க, சூப்பர்வைசர் எவ்ளோ அவசரப்படுத்துனாலும் சரி.