கறுப்பு அமிலத்தைத் தெளிய வைத்த மாதங்கள்

உர ஆலையிலிருந்து வரும் பாஸ்பாரிக் அமிலத்தை உணவுத் தரத்துக்குச் சுத்தம் செய்யும் யூனிட்டைத் தொடங்கி வைக்கும் வேலையில் நான் இருந்தேன். பாறை பாஸ்பேட்டைக் கந்தக அமிலத்தோடு வினைபுரிய வைத்து, ஜிப்சத்தை வடிகட்டி எடுக்கும் அமிலம் அது. இரும்பு, அலுமினியம், மெக்னீசியம், ஃபுளோரைடு, ஆர்சனிக் எல்லாம் அதில் கிடக்கும். போதாததற்குக் கரிமப் பொருளால் வந்த கறுப்பு நிறம் வேறு.

அதை டிரைபியூட்டைல் பாஸ்பேட் கரைப்பானோடு கலக்கினால் அமிலம் கரைப்பானுக்குள் போகும், உலோகங்கள் பெரும்பாலும் நீர்ப் பக்கமே தங்கிவிடும். அப்புறம் கரைப்பானைக் கழுவி, தண்ணீர் விட்டு அமிலத்தைத் திரும்ப எடுக்க வேண்டும்.

எங்களுக்கோ இரண்டாம் நாளே சிக்கல். கண்ணாடிச் சாளரத்தில் இரண்டு திரவமும் பிரியும் கோடு தெளிவாகத் தெரிய வேண்டும். அங்கே பழுப்பு நிறத்தில் ஒரு சேற்றுப் படலம். ஷிப்ட் முடியும்போது அது ஒரு கையகலம் ஆகி, கழிவு நீரோடு கரைப்பானும் வெளியேறிக்கொண்டிருந்தது. கலக்கியின் வேகத்தைக் குறைத்தோம்; ஒரு நாள் தாங்கியது. காரணம் உள்ளே வரும் அமிலத்தில்தான் இருந்தது: நுண்ணிய ஜிப்சமும் கரிமப் பொருளும். அமிலத்தை ஆறவிட்டுப் படிய வைத்து, ஆக்டிவேட்டட் கார்பனில் ஓட்டி, நன்றாக வடிகட்டிய பிறகே கோடு தெளிந்தது. முன்சுத்திகரிப்பில் மிச்சம் பிடிக்கவே கூடாது என்று அன்று முதல் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

ஆர்சனிக்கை சல்ஃபைடு சேர்த்து வடிகட்டினோம். ஃபுளோரைடை நீராவியால் விரட்டி 10 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) கீழே கொண்டுவரத்தான் நிறைய நேரம் பிடித்தது.

சரி, விற்பனை? நாங்கள் போன வாடிக்கையாளர் மஞ்சள் பாஸ்பரஸை எரித்துச் செய்யும் அமிலத்துக்குப் பழகியவர். மின் உலையில் ஒரு டன் பாஸ்பரஸ் எடுக்கச் சுமார் 13,000 யூனிட் மின்சாரம் வேண்டும். அதனால் விலையில் நாங்கள் முந்தினோம், நம்பிக்கையில் அந்த அமிலத்தை விற்பவர்கள். வாடிக்கையாளர் எங்கள் ஆய்வறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, பீக்கரில் அமிலத்தை ஊற்றிச் சூடாக்கினார். மெல்ல மஞ்சளானது. மீதமிருந்த கரிமப் பொருள். ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்து வெளுத்து எடுத்துக்கொண்டு மறுபடி போனோம். இந்த முறை நிறம் மாறவில்லை. ஆனாலும் தொடர்ந்து மூன்று பேட்ச் இதே போல வர வேண்டும் என்றார். அவர் கேட்டது நியாயம்தான்.

முதல் டேங்கர் 85 சதவீத அமிலம். அது சுமார் 21 டிகிரியிலேயே உறையும். குளிரான விடியற்காலையில் வால்வு படிகத்தால் அடைத்துக்கொள்ள, வெந்நீர் ஊற்றி ஊற்றித் திறந்தோம். அடுத்த லோடிலிருந்து 75 சதவீதமாக அனுப்புகிறோம்.